யார் சொல், எந்தப் பக்கம்?

ஓர் ஆய்வேடு என் மேசைக்கு வந்தால் முன்னுரையில் தொடங்க மாட்டேன். நடுவில் ஏதாவது ஒரு மேற்கோளைப் பிடித்துக்கொள்வேன். அடிக்குறிப்பு சொல்லும் நூலை எடுத்து, சொல்லும் பக்கத்தைத் திறந்து, வரியோடு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அது சரியாக இருந்தால், மாணவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று நம்பலாம். அந்தப் பக்கத்தில் அப்படியொரு வரியே இல்லையென்றால், மற்ற மேற்கோள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடியாக வேண்டும்.

மதுரையில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்துபோகும் தட்டச்சுக் கடை ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. தமிழ் எம்.ஏ. படித்தவள். வருபவர்கள் பெரும்பாலும் தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி மேற்கோளைப் பற்றியவை. எத்தனை வரி இருந்தால் உள்தள்ளி அடிக்க வேண்டும், குறி ஒற்றையா இரட்டையா, 'மேலது' என்று எப்போது போடலாம் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு தம்பி, "அக்கா, புத்தகம் பேரு இருக்குல்ல, பக்க எண்ணும் கட்டாயம் போடணுமா?" என்றார்.

"அறுநூறு பக்கம் தம்பி. எங்கேன்னு தேடுவாங்க?"

"யாருக்கா தேடப் போறாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு அது தெரியவில்லை. கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் இல்லை அது. எனவே இங்கே எழுதுகிறேன்.

தேடுவார்கள். தமிழில் காலம் காலமாகத் தேடியிருக்கிறார்கள். நம் பழைய உரையாசிரியர்கள் மேற்கோளில் வல்லவர்கள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் ஒவ்வொரு விதிக்கும் ஏதாவது ஒரு பாடலை எடுத்துக்காட்டாமல் நகர்வதில்லை. ஆனால் அது எந்த நூலின் பாடல் என்று பல இடங்களில் சொல்வதில்லை. 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார்கள். அன்று படித்தவர்களுக்கு அந்தப் பாடல்கள் மனப்பாடமாக இருந்திருக்கும். பெயர் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. சில நூற்றாண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. உரை கையில் இருந்தது, அது காட்டிய நூல்கள் கண்ணில் படவில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று ஏட்டுச் சுவடிகளில் தேட வேண்டியிருந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வர வர, ஒரு நூலில் அநாதையாக நின்ற வரிக்கு இன்னொரு நூலில் சொந்த இடம் கிடைத்தது. ஐயரவர்களின் பதிப்புகளில் அடிக்குறிப்பாகவும் அகராதியாகவும் நிறைந்திருக்கும் ஒப்புமைகளைப் பார்த்தால் அந்தத் தேடலின் அளவு புரியும். இன்று ஒரு மாணவர் பக்க எண் போடாமல் விட்டால், அதே உழைப்பை வேறு யாரோ மறுபடியும் செய்ய வேண்டும்.

பெயர் சொன்னவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் அடியார்க்கு நல்லார். சிலப்பதிகாரத்தில் இசையும் கூத்தும் வரும் பகுதிகளுக்கு உரை எழுதப் பழைய நூல்கள் இறந்துபட்டன என்று சொல்லிவிட்டு, தாம் எவற்றைத் துணையாகக் கொண்டார் என்று பட்டியலிடுகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ். அது ஒரு துணைநூற்பட்டியல்தான். பிற்காலத்தில் பஞ்சமரபுக்குச் சுவடி கிடைத்து 1970களில் அது அச்சேறியபோது, தமிழ் இசை ஆய்வாளர்களுக்கு அது புதிய பெயராக இல்லை. அடியார்க்கு நல்லார் பெயரைச் சொல்லி வைத்திருந்ததால், கிடைத்தது எவ்வளவு முக்கியமானது என்று உடனே தெரிந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு புறத்திரட்டு. பல நூல்களிலிருந்து பாடல்களைப் பொறுக்கி அதிகாரம் அதிகாரமாக அடுக்கிய தொகைநூல். தொகுத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் இந்தப் பாடல் இன்ன நூலினுடையது என்ற குறிப்பு அதில் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கும் வளையாபதி முழுதாக இல்லை. கையில் இருக்கும் எழுபது சொச்சம் பாடல்களில் பெரும்பகுதி புறத்திரட்டு வழியாக வந்தவை. முத்தொள்ளாயிரத்துக்கும் அதே கதிதான். தகடூர் யாத்திரையில் எஞ்சியவையும் புறத்திரட்டிலும் உரைகளிலும் மேற்கோளாக நின்றவை. யாப்பருங்கல விருத்தியைப் புரட்டினால் பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள் வரிசையாக வரும். மயிலை சீனி. வேங்கடசாமி இப்படிப்பட்ட நூல்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார்: 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. புறத்திரட்டைத் தொகுத்தவர் நூற்பெயர் எழுதச் சோம்பியிருந்தால், அந்தப் பாடல்கள் இருந்தும் வளையாபதி இல்லாமல் போயிருக்கும்.

யார் பாடியது என்று தெரியாதபோது என்ன செய்வது? அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. பாட்டுக்குள் வரும் ஓர் உவமைத் தொடரை எடுத்து அவரைச் 'செம்புலப்பெயனீரார்' என்று அழைத்தார்கள். அடுத்த பாடலுக்கு 'அணிலாடு முன்றிலார்'. தெரிந்த புலவர் ஒருவர் தலையில் பாடலைக் கட்டிவிடுவது எளிது, அதைச் செய்யவில்லை. இன்று கைப்பேசியில் வரும் படங்களில் பாரதியார் பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் ஓடும் வாசகங்களை நினைத்தால் அந்தத் தொகுப்பாளர்கள் மேல் மதிப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட வாசகங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே வருவதைப் பார்க்கிறேன். நூல் என்ன, பக்கம் என்ன என்று கேட்பேன். பதில் வராவிட்டால் எடுத்துவிடச் சொல்வேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மேற்கோள் எதற்கு என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டால் எப்படி என்பது தானாக வரும். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் எழுவகை மதம் சொல்கிறார். பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபட்டுச் சொன்னால் ஒன்றைத் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, எதனோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்பது. இந்த ஏழில் ஐந்துக்குப் பிறருடைய சொல் முன்னால் இருந்தாக வேண்டும். என் கைக்கு வரும் ஏடுகளில் பல மேற்கோள்கள் இந்த ஐந்தில் எதையும் செய்வதில்லை. அறிஞர் ஒருவர் சொன்னதைப் போட்டுவிட்டு, அடுத்த பத்தியில் வேறொரு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். மேற்கோளை எடுத்துவிட்டுப் படித்தால் வாதம் குறைவின்றி நிற்கிறது. அப்படியானால் அது அங்கே வேண்டியதில்லை. மேற்கோளுக்கு முன் அதை அறிமுகப்படுத்த ஒரு வாக்கியமும், பின் அதைப் பற்றி மாணவர் சொல்வதற்கு ஒரு வாக்கியமாவதும் இருக்க வேண்டும்.

எப்படி எடுப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கண்மாய்களைப் பற்றிய ஒரு நூலின் 45ஆம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே எழுதியது இது:

கண்மாய்களை மக்களே காத்தனர் என்று சொல்வது முழு உண்மை அன்று; ஊர்க்கூட்டமும் கணக்குப்பிள்ளையும் நீர்ப்பாய்ச்சியும் சேர்ந்தே காத்தனர்.

இதை அப்படியே எடுக்கலாம். அப்போது மேற்கோள்குறிக்குள் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது; முடிவில் ஆசிரியர், ஆண்டு, பக்கம். ஒரு தொடரை மட்டும் எடுத்து நம் வாக்கியத்துக்குள் வைக்கலாம்: கண்மாய்க் காவலை மக்களுக்கு மட்டும் உரியதாக்குவது "முழு உண்மை அன்று" என்கிறார் ஆசிரியர் (ப. 45). அல்லது கருத்தை மட்டும் எடுத்து நம் மொழியில் சொல்லலாம்: ஊரின் நிருவாக அமைப்புகளுக்கும் இந்தக் காவலில் பங்கு இருந்தது என்பது ஆசிரியர் கருத்து. இதற்கு மேற்கோள்குறி தேவையில்லை, ஆனால் அடிக்குறிப்பு தேவை. கருத்தைத்தானே எடுத்தோம், சொல்லை எடுக்கவில்லையே என்று பலர் அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்கள். கருத்துக்கும் உரியவர் உண்டு.

அடுத்தது நான் அதிகம் சிவப்பு மை செலவிடும் இடம். 'குளங்களை மக்களே பாதுகாத்தனர் எனக் கூறுவது முழு மெய் அன்று. ஊர்ச்சபையும் கணக்கரும் நீர் பாய்ச்சுவோரும் இணைந்தே பாதுகாத்தனர்.' கண்மாய் குளமாயிற்று, உண்மை மெய்யாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதன் கீழே அடிக்குறிப்பு போட்டிருந்தாலும் தவறுதான், ஏனென்றால் இந்த வாக்கியம் மாணவருடையது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். கருத்தைச் சொந்த மொழியில் சொல்ல வேண்டுமென்றால் நூலை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள் என்பேன். எழுதி முடித்த பிறகு திறந்து ஒப்பிட்டால் போதும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 'கண்மாய்களை மக்களே காத்தனர்...' என்று மூன்று புள்ளியோடு நிறுத்திவிடுவது. ஒவ்வொரு சொல்லும் நூலில் உள்ள சொல்தான், குறியும் பக்க எண்ணும் சரி, ஆசிரியர் சொன்னதோ இதற்கு நேர் எதிர். புள்ளிகள் நடுவில் ஏதோ விடுபட்டது என்று அறிவிக்கத்தான். மறுப்பை மறைக்க அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. எழுதியவர் இன்று நம் முன் வந்து படித்தால், 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்பாரா? எதை வெட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தித்தாள் தலைப்புகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்த வெட்டு நாள்தோறும் நடக்கிறது. ஆய்வேடாவது அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

விட்டதைக் காட்டப் புள்ளி. சேர்த்ததைக் காட்டச் சதுர அடைப்பு. மூலத்தில் 'அவர்' என்று மட்டும் இருந்து, யாரென்று படிப்பவருக்குப் புரியாது என்றால், அவர் [ஊர்க் கணக்குப்பிள்ளை] என்று எழுதலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது நம் கைவேலை என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தக்கூடாது. [மூலத்தில் உள்ளபடி] என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஒரு சொல்லை நாம் தடித்த எழுத்தில் காட்டினால், அழுத்தம் நம்முடையது என்று சொல்ல வேண்டும். இந்த நேர்மையைக் கல்வெட்டுப் பதிப்புகளில் கற்றுக்கொள்ளலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளை, ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வந்த முதல் தொகுதியில் தொடங்கி, எடுத்துப் பாருங்கள். சிதைந்த எழுத்து, தெளிவாகத் தெரியாத எழுத்து, பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்த எழுத்து என்று எல்லாவற்றையும் அடைப்பாலும் புள்ளியாலும் குறித்திருப்பார்கள். கல் சொன்னது எது, பதிப்பித்தவர் சொன்னது எது என்று பிரித்துப் படிக்க முடியும்.

அளவு விதிகள் எளிதானவை, ஆனால் ஆளுக்கு ஒன்று. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையில் 40 சொல்லும் அதற்கு மேலும் உள்ள மேற்கோள் தனிப் பத்தியாக உள்தள்ளி வரும். நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. முறையில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினால், செய்யுள் மூன்று வரியைத் தாண்டினால் தனிப் பத்தி. அதற்குள் அடங்கும் செய்யுளை வாக்கியத்துக்குள்ளேயே, அடிகளுக்கு நடுவே சாய்கோடு போட்டு எழுதலாம். 1906 முதல் வெளிவரும் சிகாகோ கையேடு ஏறத்தாழ நூறு சொல்லைக் கணக்காக வைக்கிறது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: உள்தள்ளிய மேற்கோளுக்கு மேற்கோள்குறி கிடையாது. உள்தள்ளலே எல்லையைக் காட்டிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் ஏடுகளில் மிகப் பரவலான பிழை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 40 சொல் என்பது ஆங்கிலத்தைவிட நீளமாக வரும். ஆகவே தமிழ் ஏட்டுக்குச் சொற்கணக்கைவிட வரிக்கணக்கே பொருந்தும் என்பது என் எண்ணம். எந்த முறை என்பதைத் துறையும் நெறியாளரும் முடிவு செய்வார்கள். தொடங்கிய முறையிலேயே கடைசி வரை போக வேண்டும், அவ்வளவுதான். முதல் இயலில் அடிக்குறிப்பும் மூன்றாம் இயலில் அடைப்புக்குறியுமாக வந்தால், இடையில் ஆள் மாறிவிட்டாரோ என்று தேர்வாளர் ஐயப்படுவார்.

'மேலது' என்பது முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூலைத்தான் சுட்டும். நடுவில் இன்னொரு நூலின் குறிப்பைப் புதிதாக நுழைத்தால் 'மேலது' தப்பான நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். கணினியில் வெட்டி ஒட்டி எழுதும் இந்தக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. எனவே எழுதும்போது ஆசிரியர் பெயரையும் சுருக்கமான நூற்பெயரையும் முழுதாக வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு 'மேலது' போடச் சொல்வேன்.

செய்யுளுக்குப் பக்க எண்ணைவிடப் பாடல் எண் மேல். குறளுக்குக் குறள் எண், புறநானூற்றுக்குப் பாட்டெண், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும். எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்த இடத்துக்குப் போகலாம். கம்பராமாயணத்தில் இது சரிவராது. பதிப்புக்குப் பதிப்பு பாடல் தொகை வேறுபடும், எண்ணும் மாறும். அங்கே காண்டம், படலம், எண் மூன்றையும் சொல்லி, எந்தப் பதிப்பு என்றும் சொல்ல வேண்டும். பாரதி பாடல்களிலும் பாடபேதம் உண்டு. நினைவில் இருக்கும் வரியை நம்பி எழுதாதீர்கள். சிறு வயதில் மேடையில் பாடிய பாட்டுத்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

வழிமேற்கோள் என்பது தனித் தொல்லை. கமில் சுவலபில் 1973இல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழிலக்கிய நூலில் ஒரு சங்கப் பாடலின் மொழிபெயர்ப்பு இருக்கும். மாணவர் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் பெயர்த்துத் தன் ஏட்டில் வைத்துவிடுவார். மூலம் தமிழிலேயே இருக்கிறது, நூலகத்தில் இரண்டு அலமாரி தள்ளி இருக்கிறது. மூலத்தைப் பார்க்க முடிந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும். உண்மையிலேயே கிடைக்காத நூல் என்றால் இன்னாரை இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று இருவர் பெயரையும் சொல்ல வேண்டும், துணைநூற்பட்டியலில் நாம் படித்த நூலை மட்டும் சேர்க்க வேண்டும். பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் பட்டியலில் ஏற்றுவது பொய். முன்னவர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் அந்தத் தவறும் கூடவே வரும். ஒரே தவறு ஏழெட்டு ஏடுகளில் வழிவழியாக வருவதைப் பார்த்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று வம்சாவளியே வரைந்துவிடலாம்.

பெயர் விஷயத்தில் தமிழருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மேல்நாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்கு முதலெழுத்து தந்தை பெயர். தந்தை பெயரை விரித்து எழுதினால் மென்பொருள் எது யாருடைய பெயர் என்று அறியாமல், எழுதியவரை விட்டுவிட்டு அவர் தந்தையை நூலாசிரியராக்கிவிடும். தமிழ் வழக்கில் சாமிநாதையர், உ.வே. என்றும் சிவத்தம்பி, கா. என்றும் எழுதுவோம். அதுவே சரி. ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அதைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராது.

இப்போது மாணவர்கள் கண்ணில் தெரியும் பயம் சதவீதத்தைப் பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இந்த எண்களைக் கேட்டவுடன் மேற்கோளே போடாமல் எழுதப் பார்க்கிறார்கள். அதே ஒழுங்குமுறை, உரிய ஆதாரத்தோடு எடுத்த மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் பொதுச் சொற்களையும் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கிறது. குறி போட்டு, இடம் சொல்லி எடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், மென்பொருள் காட்டும் எண் குறைவாக இருப்பதாலேயே ஏடு நேர்மையானது என்றும் ஆகாது. பழைய தமிழ் நூல்களில் பல, எழுத்தாகத் தேட முடியாத படங்களாகவே இணையத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்ததை இயந்திரம் எப்படிக் காணும்? ஆனால் அந்தத் துறையில் ஊறிய ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். ஏடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றப்படுவதால், பட்டம் வாங்கிப் பத்தாண்டு கழித்தும் யாராவது திறந்து படிப்பார்கள். அன்று என்னிடம் கேட்ட தம்பிக்கு இதையும் சொன்னேன்.

அச்சில் இல்லாத மேற்கோள்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் ஊர் ஊராகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் கதையும் பதிவு செய்து வருகிறார்கள். வயல் வேலை முடித்து வந்த பெண்மணி ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்து சொன்ன கதை ஏட்டில் 'தகவலாளி 7' என்று சுருங்கிவிடுகிறது. அச்சிட்ட நூலை எழுதியவருக்குக் கொடுக்கும் மதிப்பு அவருக்கும் உரியது. அவர் சம்மதித்தால் பெயர், வயது, தொழில், ஊர், பதிவு செய்த நாள் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். வேண்டாம் என்றால் மறைக்க வேண்டும். இரண்டுமே அவரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. அடுத்து மொழி. அவர் "வந்தாக" என்றிருப்பார், ஏட்டில் "வந்தார்கள்" என்று இருக்கும். கேட்டால், 'எழுத்து வழக்குல இருந்தாத்தானே நல்லா இருக்கும்' என்கிறார்கள். மேற்கோள்குறிக்குள் அவர் சொல்லாததை வைத்துவிட்டு அதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது? அவருடைய பேச்சுத்தான் அங்கே ஆதாரம். திருத்திய பேச்சு மாணவருடையது. எழுத்து வழக்கில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் குறியை எடுத்துவிட்டு, அவர் வந்ததாகச் சொன்னார் என்று அயற்கூற்றில் எழுதலாம். புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பொருள் சொல்லலாம். இந்த ஒன்றில் மட்டும் நான் நெறியாளர்களோடும் வாதாடியிருக்கிறேன். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, வரிக்கு வரி சரிபார்த்த பிறகே அந்த இயலைக் கையிலிருந்து விடுவேன்.

கடைசியாக, கடைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் வேலைகள் சில. குறிப்பு எடுக்கும் நேரத்திலேயே பக்க எண்ணையும் எடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு ஏடு கொடுக்கும் முதல் நாள் இரவாகத்தான் இருக்கும். குறிப்பேட்டில் நூலின் சொற்களை ஒரு மையிலும் உங்கள் எண்ணங்களை இன்னொரு மையிலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் மேற்கோள்குறிகளையும் அடிக்குறிப்பு எண்களையும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். மாற்றத்தில் முதலில் கெடுபவை அவைதான். நூலகத்தில் நூலைத் திருப்பிக் கொடுக்கும் முன் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் அந்தப் பின்பக்கத்தில் இருக்கும். மறு அச்சின் ஆண்டை முதற்பதிப்பின் ஆண்டாக எழுதிவிடாமல் இருக்க அந்த ஒரு படம் போதும். தலைப்புப் பக்கம் கிழிந்த பழைய நூலாக இருந்தால் நூலகரிடம் கேளுங்கள். நூற்பட்டியலில் பார்த்துச் சொல்வார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். பல நேரம் கிடைத்துவிடுகிறது.